கோபுரத்தின் வேரும் மழைநீரின் வழியும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமயச் சொற்பொழிவுகள் நிகழும் இம்மேடையில் ஒரு கட்டுமானப் பொறியாளனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஆலயத்தில் அடுத்த திருப்பணியைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கிறது. இராஜகோபுரம் எழுப்ப வேண்டும் என்பது பலரின் ஆவல். பின்புறமுள்ள மேட்டை வெட்டிச் சமன் செய்து அன்னதான மண்டபம் கட்ட வேண்டும் என்பது மற்றொரு கருத்து. இரண்டும் நல்ல எண்ணங்களே. அவற்றை நிறைவேற்றுமுன், நாம் நிற்கும் மண்ணைப் பற்றியும் அம்மண்ணுக்குள் புகும் நீரைப் பற்றியும் நாமனைவரும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். அதற்காகவே உங்கள் முன் நிற்கிறேன்.

ஓர் ஊரின் பெயர் சொல்லும் செய்தி

நம் செரண்டாவுக்கு வடக்கே, கோலகுபு பாருவை அடுத்து, அம்பாங் பெச்சா என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வழியே நம்மில் பலர் பலமுறை சென்றிருப்போம். மலாய் மொழியில் 'அம்பாங்' என்றால் அணை. 'பெச்சா' என்றால் உடைந்தது. உடைந்த அணை என்பதே அவ்வூரின் பெயர்.

அங்கே பழங்காலத்தில் எழுப்பப்பட்ட அணை ஒன்று இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அது உடைந்தது. தேங்கியிருந்த நீர் முழுவதும் பழைய கோலகுபு பட்டணத்தின் மீது பாய்ந்தது. உலு சிலாங்கூரில் அப்போது பதவி வகித்த ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அந்த அதிகாரி சுட்டதனால்தான் அணை உடைந்தது என்றொரு கதையும் இவ்வட்டாரத்தில் வழங்கி வருகிறது.

கதை ஒருபுறம் இருக்கட்டும். மண்ணால் ஆன அணை எவ்வாறு உடைகிறது என்பதைப் பொறியியல் இரு வகையாக விளக்குகிறது. ஒன்று, நீர் அணையின் உச்சியைத் தாண்டி வழிந்து, மறுபக்கத்து மண்ணை அரித்துவிடுவது. மற்றொன்று, அணையின் உள்ளே நூல் போன்ற கசிவு தோன்றி, மண் துகள்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டு சென்று, நாளடைவில் குகைபோல் ஆகிவிடுவது. இரண்டிற்கும் மூலகாரணம் ஒன்றே: நீர் செல்வதற்கு நாம் வழி வைக்கவில்லை, ஆகவே நீர் தானே வழி தேடிக்கொண்டது.

இதே சிலாங்கூர் ஆற்றில், கோலகுபு பாருவுக்கு அருகில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட சிலாங்கூர் ஆற்று அணை 110 மீட்டர் உயரமுடையது. ஏறத்தாழ 23 கோடி கன மீட்டர் நீரைத் தேக்கவல்லது. இத்தகைய அணைகளில், தேவைக்கு மேற்பட்ட வெள்ளம் அணையைத் தொடாமல் வெளியேறுவதற்கென்றே தனியாக வழிந்தோடி அமைக்கப்படுகிறது. கசியும் நீரை மண் கலவாமல் வடித்து அனுப்பும் அடுக்குகளும் உள்ளே வைக்கப்படுகின்றன. நீரைத் தடுக்க விரும்புகிறவன் முதலில் அதற்கு வழி விடக் கற்றிருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பழைய கோலகுபுவின் துயரம் அத்துடன் முடியவில்லை. ஆற்றின் மேற்புறத்தில் ஈய லம்பங்கள் பெருகின. அங்கே கழுவி விடப்பட்ட மண் ஆற்றில் படிந்து, ஆற்றின் அடித்தளத்தை உயர்த்திற்று. வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. இறுதியில் 1930ஆம் ஆண்டையொட்டிப் பட்டணத்தையே மேட்டு நிலத்திற்கு மாற்ற நேர்ந்தது. நகரமைப்பு வல்லுநர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டப்படி அமைந்த அந்தப் புதிய ஊரே இன்றைய கோலகுபு பாரு. ஓரிடத்தில் கழுவிவிட்ட மண் வேறோரிடத்து ஊரைப் புதைத்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நம் காலடியில் உள்ள மண்

இனி நம் சொந்த மண்ணுக்கு வருவோம். செரண்டா வட்டாரம் ஈயத்தால் வளர்ந்த பகுதி. இன்றும் இங்குக் காணப்படும் ஈயக் குட்டைகள் அதற்குச் சான்று. லம்பங்களில் மண்ணை நீரால் பீய்ச்சிக் கரைத்து ஈயத்தைப் பிரித்தெடுத்த பின், கனமான மணல் அருகிலேயே குவிந்தது. நுண்ணிய சேறு நீருடன் ஓடிக் குட்டைகளில் படிந்தது. பிற்காலத்தில் அவற்றில் பல மேலே மண் கொட்டி நிரவப்பட்டன. இன்று பார்த்தால் புல் முளைத்த சமதரையாகவே தோன்றும். கீழே பல மீட்டர் ஆழத்திற்குக் கஞ்சி போன்ற சேறு இருக்கக்கூடும்.

அத்தகைய நிலத்தில் ஓர் ஆலயம் கட்டப்படுவதாகக் கொள்வோம். கருவறை கெட்டியான பழைய தரையின் மீதும், முன்மண்டபம் சேற்றுப் பகுதியின் மீதும் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? கட்டடம் முழுவதும் ஒரே சீராகச் சிறிதளவு இறங்கினால் பெருந்தீங்கு விளையாது. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காமல் நின்றால்தான் சுவர் பிளக்கும், தூண் சாயும். பேராவில் உள்ள தெலுக் இந்தான் கோபுரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1885ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட அது இளகிய மண்ணின் மீது நிற்பதால் சாய்ந்தது. இத்தாலியில் 1173ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பைசா கோபுரத்தின் கதையும் அதுவே. அதனை மேலும் சாயாமல் தடுக்க, சாயாத பக்கத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை எடுத்தே அதன் சாய்வைக் குறைத்தனர். நோய் மண்ணில் இருந்தது. மருந்தும் மண்ணுக்கே தரப்பட்டது.

தோட்டப்புறங்களில் நம் முன்னோர் அமைத்த கோயில்கள் பெரும்பாலும் மரமும் துத்தநாகத் தகடும் கொண்டவை. அவற்றின் எடை மிகக் குறைவு. அந்த இடத்திலேயே இன்று கான்கிரீட் ஆலயம் எழுப்புகிறோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோகிராம். ஐம்பது ஆண்டுகள் கோயில் அசையாமல் இருந்த இடமாயிற்றே என்று சொல்வது போதாது. அன்று அம்மண் சுமந்த பாரம் வேறு. நாம் இன்று ஏற்றப்போகும் பாரம் வேறு.

மண்ணின் வலிமையை அறிய நம் நாட்டில் எளிய முறை ஒன்று உண்டு. அதற்கு மெக்கிண்டோஷ் சோதனை என்று பெயர். கூர்முனை பொருத்திய இரும்புக் கம்பியைத் தரையில் நிறுத்தி, 5 கிலோகிராம் எடையுள்ள சுத்தியலை 28 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் அதன் மேல் விழச் செய்வர். கம்பி ஓர் அடி இறங்க எத்தனை அடிகள் தேவைப்பட்டன என்று எண்ணி எழுதுவர். எண்ணிக்கை குறைந்தால் மண் இளகியது, கூடினால் கெட்டியானது. சிறிய கட்டடத்திற்கு இது துணை செய்யும். இராஜகோபுரம் போன்ற கனத்த கட்டடத்திற்கு இயந்திரத்தால் ஆழமாகத் துளையிட்டு, மண்ணை அடுக்கடுக்காக எடுத்துச் சோதிக்க வேண்டும். மருத்துவர் இரத்தம் சோதிக்காமல் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதில்லை. மண் சோதிக்காமல் கோபுரத்திற்கு நாள் குறிப்பதும் முறையன்று.

இளகிய மண்ணில் பாக்காவ் கட்டைகளை அடித்து அதன் மேல் கட்டும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அக்கட்டை நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை நெடுங்காலம் கெடாது. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால் உளுத்துவிடும். எனவே அங்கேயும் நீரின் நிலையை அறிந்தே அடித்தளம் அமைக்க வேண்டியிருக்கிறது.

சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாரம்

அன்பர்களே, மேட்டை வெட்டினால் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். ஆகவே அச்சுவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

கொழுக்கட்டைக்கு மாவு பிசையும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். மாவு முற்றிலும் உலர்ந்திருந்தால் உதிரும். அளவாக நீர் சேர்ந்தால் பிடித்த பிடியில் நிற்கும். நீர் மிஞ்சினால் கையிலிருந்து வழியும். சரிவில் உள்ள மண்ணும் அத்தகையதே. சிறிது ஈரம் இருக்கும்போது துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். மழைநீர் இடைவெளிகளை முழுவதும் நிரப்பிவிட்டால், நீரின் அழுத்தம் துகள்களை விலக்கிவிடும், பிடிப்பு போய்விடும், சரிவு வழுக்கத் தொடங்கும்.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். 3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 10 அடி உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னால் நன்கு நீர் வடிந்த மணற்பாங்கான மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது தள்ளும் விசை ஏறத்தாழ 2.7 டன். அதே மண்ணில் உச்சிவரை நீர் தேங்கிவிட்டால் விசை 5.8 டன்னாக உயரும். இருமடங்குக்கும் அதிகம்! சுவர் மாறவில்லை; மண் மாறவில்லை; நீர் மட்டுமே சேர்ந்தது. மேலும், சுவரின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்காகும். ஆகவே 'இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிடலாம்' என்பது சிறிய முடிவன்று.

இதற்காகவே தடுப்புச் சுவரில் சிறு சிறு துளைகள் விடப்படுகின்றன. சுவருக்குப் பின்னால் சரளைக் கல் நிரப்பி, நீர் கீழிறங்கி அத்துளைகள் வழியே வெளியேறச் செய்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? துளையிலிருந்து வழியும் நீர் சுவரில் கறை படியச் செய்கிறது என்று, திருவிழாவுக்கு முன் சிமெண்டு வைத்துத் துளைகளை அடைத்து, அழகாக வண்ணம் பூசிவிடுகிறார்கள். அழகு செய்வதாக எண்ணிச் சுவரின் மூச்சை அடைத்துவிடுகிறார்கள். மழைக்குப் பின் அத்துளையிலிருந்து நீர் சொட்டுவது குறையன்று. சுவர் நலமாக இருப்பதற்கு அடையாளம்.

கூரை நீரையும் எண்ணிப் பாருங்கள். 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள மண்டபக் கூரையின் மீது ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், கூரையிலிருந்து இறங்கும் நீர் 15,000 லிட்டர். அதாவது 15 டன். நம் நாட்டில் இத்தகைய மழை அரிதன்று. அந்த நீர் எங்கே செல்கிறது என்பதை வரைபடத்தில் காட்டாத மண்டபம், பாதி வரைந்த மண்டபமே.

இரு துயரங்கள் தந்த பாடம்

1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் 12 மாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து, 48 உயிர்கள் பறிபோயின. அந்நாளில் வானொலியருகே அமர்ந்து செய்தி கேட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கட்டடத்தின் தூண்களோ தளங்களோ முதலில் முறியவில்லை. பல நாள் மழைக்குப் பின், பின்புறக் குன்றில் இருந்த தடுப்புச் சுவர்கள் சரிந்தன. அங்கே ஒரு நீரோடை குழாய் வழியே திருப்பி விடப்பட்டிருந்தது; வடிகால் ஏற்பாடு போதுமானதாக இல்லை. சரிந்த மண் கட்டடத்தின் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க அமைக்கப்பட்ட அந்த இரும்புத் தண்டவாள அடித்தூண்கள், பக்கவாட்டுத் தள்ளுதலைத் தாங்கவில்லை. கட்டடத்திற்கு வெளியே இருந்த வடிகாலும் சுவரும் கட்டடத்தின் உயிர்நிலை என்பதை நாடு அன்று மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

மற்றொன்று நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன், பத்தாங்காலி மலைப்பகுதி முகாம் ஒன்றில் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது நிலம் சரிந்து, குழந்தைகள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். தொடர்ந்து பெய்த மழையே முக்கியக் காரணம் என்று பின்னர் வெளியான அரசின் ஆய்வறிக்கை கூறியது. சரிவைத் தீர்மானிப்பது அன்றிரவு பெய்த மழை மட்டுமன்று; பல நாள்களாக மண்ணுக்குள் இறங்கிச் சேர்ந்த மழையும்தான். 'இன்று வெயில் அடிக்கிறது, இனிப் பயமில்லை' என்று எண்ணுவது தவறு என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

முன்னோர் அறிந்த நுட்பம்

இவையெல்லாம் மேனாட்டார் கண்டுபிடித்தவை என்று எண்ணிவிட வேண்டாம். கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, காவிரியின் ஆழம் காண முடியாத மணற்படுகையின் மீது நிற்கிறது. பெருங்கற்களை மணலில் இறக்கி, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி, அசையாத அடித்தளம் கண்டனர் நம் முன்னோர். 19ஆம் நூற்றாண்டில் அதனை ஆராய்ந்த ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளம் அமைக்கும் முறையை அப்பழைய கட்டுநர்களிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார். கோதாவரியில் தவளேசுவரத்தில் அவர் அமைத்த அணைக்கட்டுக்கு அந்த அறிவு துணை நின்றது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் கருவறையையே பாருங்கள். அபிஷேக நீர் உள்ளே தேங்காமல் வெளியேறக் கோமுகி அமைத்திருக்கிறார்கள். கருவறை கட்டும்போதே நீரின் வழியையும் சேர்த்துக் கட்டுவது நம் சிற்பிகளின் மரபு. சுவாமிக்கு அபிஷேகமான நீரைத் தலையில் தெளித்துக்கொள்கிறோம். அதே சிரத்தையை ஆலயத்தின் மீது பெய்யும் மழைநீருக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

விரிசலைப் படிக்கக் கற்போம்

கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட காளத்தி இராஜகோபுரம், 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து விழுந்தது. விழுவதற்கு முன் அதில் விரிசல் பெரிதாவதைக் கண்டு, சுற்றியிருந்தோரை அப்புறப்படுத்தியதால் பேரழிவு தவிர்க்கப்பட்டது. பின்னர்ப் புதிய கோபுரம் எழுந்து 2017ஆம் ஆண்டு குடமுழுக்கும் நடந்தது.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நின்ற கோபுரமும் விழுவதற்கு முன் எச்சரித்தது. நாமும் அந்த எச்சரிக்கையைப் படிக்கக் கற்கலாம். பூச்சில் தோன்றும் மயிரிழை போன்ற கோடுகள் பெரும்பாலும் தீங்கற்றவை. சன்னல் அல்லது வாசல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டக்கூடும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, அருகில் தேதியை எழுதி வையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டி அது வளர்ந்தாலும், விரல் நுனி நுழையும் அளவுக்கு அகன்றாலும், உடனே பொறியாளரை அழையுங்கள். வண்ணம் பூசி மறைப்பது கடிதத்தைப் படிக்காமல் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

நாம் செய்ய வேண்டியவை

நிர்வாகக் குழுவினரின் பார்வைக்கு நான்கு கருத்துகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, கோபுரத்திற்கோ மண்டபத்திற்கோ வரைபடம் எழுதுமுன் மண் சோதனை செய்ய வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை பின்புற மேட்டில் ஒரு மண்வெட்டியும் படக்கூடாது. வேலையை ஓர் ஆண்டு தள்ளிவைக்க நேர்ந்தாலும் அது தாமதமாகாது.

இரண்டாவது, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரின் கையொப்பமும், நகராண்மைக் கழகத்தின் ஒப்புதலும் இன்றிக் கட்டத் தொடங்கக்கூடாது. ஸ்தபதியார் சிற்ப முறையை அறிந்தவர். பொறியாளர் மண்ணின் முறையை அறிந்தவர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும். நம்மவர் ஒருவர் குறைந்த விலைக்குக் கட்டித் தருகிறார் என்பதற்காக இம்முறையைத் தாண்டுவது, நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் கடன் வைப்பதாகும்.

மூன்றாவது, நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அதற்கு முன்பே ஆலய இளைஞர்கள் கூடி வடிகால்களைத் தூர்வாரி, தடுப்புச் சுவர்த் துளைகளைக் குத்திப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். சூடத் தட்டு, வாழையிலை, பூமாலை எதுவும் வடிகாலில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கைகள் மட்டுமே தேவை.

நான்காவது கருத்தை உபயகாரர்களை நோக்கிச் சொல்கிறேன். கோபுரத்திற்கும் கலசத்திற்கும் விளக்கிற்கும் உபயம் தர நம்மிடையே பலர் உண்டு. கல்லில் பெயர் பொறிக்கவும் இடம் உண்டு. மண் சோதனைக்கும் வடிகாலுக்கும் உபயம் தர இதுவரை எவரும் முன்வந்ததில்லை. அவை மண்ணுக்குள் மறைந்துவிடும். எவர் கண்ணிலும் படா. இவ்வாண்டு உபயப் பட்டியலில் 'மழைநீர் வடிகால் உபயம்' என ஒரு வரி சேர்க்குமாறு வேண்டுகிறேன். முதல் பெயராக என் குடும்பத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பெருமழை பெய்யும் ஓர் இரவில், நம் பேரப்பிள்ளைகள் அன்னதான மண்டபத்தில் அச்சமின்றி அமர்ந்து உண்ண வேண்டும். அந்த உபயத்தின் பலன் அதுவே. எல்லாம் வல்ல இறையருள் நம் திருப்பணிக்குத் துணை நிற்குமாக!